அடி விழுந்த நாள்

மூச்சை விட்டுறாதே சங்கரி, விட்டா அம்புட்டும் போச்சு. ஒரு தும்மல் வந்தாப் போதும், வாரக்கணக்கா உடைச்சு, பொடிச்சு, சலிச்சு, கழுவி, கடைசியில மிஞ்சின இந்தக் கண்ணாடித் தட்டு காலியாயிரும், அப்புறம் லேப் தலைவர் ஜெயசீலன் சாருக்கு யாரு பதில் சொல்றது. அதுக்காகத்தான் ஏசியை அணைச்சுட்டேன், மின்விசிறியையும் அணைச்சுட்டேன், கழுத்துல வேர்வை இறங்குது, சென்னையில கார்த்திகை மாசம்னு பேரு, வேர்வை மட்டும் சித்திரை மாசத்துது. மைக்ராஸ்கோப்புல பாத்தா ஒவ்வொண்ணும் கட்டில் அகலத்துக்குத் தெரியுது, கண்ணை எடுத்துட்டுத் தட்டைப் பாத்தா வெறும் தூசி, முந்தானையால துடைச்சுட்டுப் போகலாம்னு தோணுற தூசி. ஜிர்கான், பாறைக்குள்ள பொதிஞ்சு கிடக்குற படிகத் துகள். ஊசி முனையை மூக்கோரமா ஒரு தொடு தொட்டுக்கணும், அந்த எண்ணெய்ப் பிசுக்குல ஒரு துகள் வந்து ஒட்டிக்கும், தூக்கிக் கொண்டுபோய் ஒட்டு டேப்புல வரிசையா நட்டு வைக்கணும், நாத்து நடுற மாதிரி. நான் எங்க நாத்து நட்டேன், விருதுநகர்ல மின்வாரியக் குடியிருப்புல வளர்ந்தவ. போன் அதிருது. கவுத்துத்தான் வச்சிருக்கேன், கவுத்து வச்சா அதிருறது நிக்குமா, மேசை அதிருது, மேசையோட தட்டு, தட்டோட துகள், ஒரு கூட்டமே இடம் மாறி உக்காந்துருச்சு, நான் குறி வச்சிருந்தது எதுன்னே தெரியலை. அண்ணன்தான், வேற யாரு. சிவகாசியில அச்சாபீஸ்ல உக்காந்திருக்கான், அவன் மக கல்யாணப் பத்திரிகை, ஒரே ஒரு வார்த்தைக்காக மிஷினை நிறுத்தி வச்சிருக்காங்க. சாப்பாட்டு நேரத்துக்குள்ள சொல்லிரு, இல்லைன்னா வேற வேலையை ஏத்திருவாங்கன்னு காலையிலேயே சொல்லிட்டான். பொண்ணோட தாத்தா பேருக்கு முன்னாடி என்ன போடுறது. திரு. ராமசுப்புவா, தெய்வத்திரு ராமசுப்புவா. எங்கப்பா உசுரோட இருக்காரா இல்லையா. அதை நான் சொல்லணுமாம், இங்க உக்காந்து, மூக்கெண்ணெயில கல்லு பொறுக்கிக்கிட்டு.

நான் ஏன்டா சொல்லணும்னு கேட்டேன். அம்மாதான் சொல்லிருச்சாம், கல்லுக்கே வயசு சொல்றவ, அவகிட்டக் கேளுன்னு. எப்பப் பாரு என்கிட்ட, ஏட்டி, அந்தக் கல்லையெல்லாம் எதுக்கு உடைக்கிறீங்க, அது பாட்டுக்குக் கிடக்கட்டுமேன்னு கேக்குற அம்மா. கேலியா சொல்லுச்சா, கோவமா சொல்லுச்சா, அண்ணனைத் தட்டிக் கழிக்கச் சொல்லுச்சா, ஒண்ணும் பிடிபடலை. அம்மா, கல்லுக்கு வயசு எப்படிச் சொல்றாங்கன்னு உனக்குத் தெரியுமா. இந்தத் துகளுக்குள்ள யுரேனியம்னு ஒண்ணு துளியூண்டு இருக்கும், அது தன்னால ஈயமா மாறிக்கிட்டே இருக்கும், அடுப்பை ஏத்தினாலும் இறக்கினாலும் அதோட வேகம் அதுக்கு, எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்குன்னு அளந்தா எப்ப உறைஞ்சுதுன்னு சொல்லிரலாம். சாதாரணக் கல்லுன்னா அம்புட்டுதான் சங்கதி. இது சாதாரணக் கல்லு இல்லையே. வடக்க ஒரு வறண்ட ஊரு, ஆடு மேய்க்கிறவங்க நடந்து போற ஒரு வட்டப் பள்ளம், என்னைக்கோ வானத்துலேருந்து ஒரு விண்கல்லு வந்து விழுந்து கீழ இருந்த பாறையை உருக்கிருச்சு. என்னைக்கு, அதான் கேள்வி. வந்து விழுந்தது அங்க கிடையாது, விழுந்த வேகத்துல ஆவியாப் போயிருச்சு, தேடினாலும் கிடைக்காது. அடி வாங்கினதுதான் கிடக்குது. அந்தச் சூட்டுல துகளுக்குள்ள அதுவரைக்கும் சேர்ந்திருந்த ஈயமெல்லாம் வெளியேறிரும், கணக்கு மறுபடி ஆரம்பத்துலேருந்து ஓடும், அப்ப அதை அளந்தா அடி விழுந்த காலம் வரும். வரணும். வரலை. போன மாசம் நான் பொறுக்கிக் கொடுத்த துகள் பூராவும் பழைய வயசையே சொல்லுது, பாறை மொத மொதல்ல உறைஞ்ச வயசு, மேல ஒண்ணுமே விழாத மாதிரி. சிலது பாதி வழியில நிக்குது, அங்கயும் இல்லாம இங்கயும் இல்லாம. ஜெயசீலன் சார் கண்ணாடியைக் கழட்டி, துடைச்சு, மாட்டி, திரையைப் பாத்துட்டு, அடியே விழலைன்னு எழுதிரலாமா சங்கரேஸ்வரின்னாரு. அவரு சொன்னது நக்கலா நிசமான்னும் பிடிபடலை. எனக்கு இப்பல்லாம் யாரு சொல்றதும் பிடிபடறதில்லை.

அடியே விழலைன்னு எழுதிரலாம். அப்பா போகவே இல்லைன்னும் எழுதிரலாம். போன வருஷம் ஆனி மாசம், ஒரு காலை நேரம், அப்பா பேப்பர் வாங்கப் போனாரு. லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு, ஊர்ல எந்தத் தெருவுல எந்தக் கம்பத்துல ஃபியூஸ் போகும்னு ராத்திரித் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவாரு, கடைசி வருஷத்துல தன் வீட்டுத் தெருவே அவருக்கு மறந்து மறந்து போச்சு. வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி, வலது கையில மடக்கின துணிப்பை, வாசப்படியில நின்னு செருப்பைக் கால் மாத்தி மாட்டி, அப்புறம் சரியா மாட்டி, இந்தா வந்துர்றேன்னு சொல்லிட்டுப் போனாரு. வெயில் அப்பத்தான் எதிர்வீட்டு மாடிச் சுவத்துல விழுந்திருந்துச்சு. எல்லாம் பளிச்சுன்னு இருக்கு எனக்கு, கழுவித் துடைச்சு வச்ச மாதிரி. ஆனா பாரு, நான் அங்க இல்லவே இல்லை. நான் சென்னையில இதே நாற்காலியில இருந்தேன். அம்மா போன்ல சொன்னதை நான் நூறு பேருகிட்டச் சொல்லிச் சொல்லி, வெயிலு, சுவரு எல்லாம் நானாச் சேத்து, இப்ப நானே வாசப்படியில நிக்கிறேன். அம்மா சொன்னதுல வெயில் இருந்துச்சா? ஞாபகம் இல்லை. ஆனி மாசம்னா வெயில் இருந்திருக்கும். இருந்திருக்குமா? அன்னைக்கு மழை தூறினதா அண்ணன் ஒரு தடவை சொன்னான். அப்ப யாரோட காலையை நான் வச்சிருக்கேன்.

இது மட்டும் இல்லையே. போலீஸ்ல எழுதிக் கொடுத்தோம், பேப்பர்ல போட்டோம், அப்பா போட்டோவைக் கையில வச்சுக்கிட்டு அண்ணன் சாத்தூர், கோவில்பட்டி, மதுரைன்னு பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டா அலைஞ்சான். ஒருத்தர் அருப்புக்கோட்டையில பாத்தேன்னாரு, ஒருத்தர் கோயில் வாசல்ல பாத்தேன்னாரு, எங்க போனாலும் முந்தின நாள்தான் இருந்திருக்காரு. அப்புறம் அதுவும் நின்னுபோச்சு. புரோகிதர்கிட்ட அண்ணன் கேட்டப்ப அவரு ரொம்ப லேசாச் சொல்லிட்டாரு, நாள் தெரியாதவங்களுக்கு வீட்டை விட்டுப் போன திதியையே வச்சுக்கலாம், இல்லைன்னா அமாவாசையில கொடுத்துரலாம்னு. அண்ணனுக்கு அந்த ஆனி மாசமே வசதி. வருஷம் கழிஞ்சுபோச்சு, வீட்டுல நல்ல காரியம் பண்ணத் தடையில்லை, தையில கல்யாணத்தை நடத்திரலாம், மாப்பிள்ளை வீட்டுலயும் அதைத்தான் நோண்டி நோண்டிக் கேக்குறாங்க, வருஷம் ஆச்சா ஆகலையான்னு. ஆனா காளிராஜ் அண்ணே, உனக்கு மண்டையில ஏறாதா, போன நாள் வேற, இல்லாமப் போன நாள் வேற. போன அன்னைக்கு அவரு உசுரோட நடந்துதானே போனாரு. பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சதைப் பாத்தவங்க இருக்காங்க. நடந்து போன மனுசனுக்கு அதே நாள்ல எள்ளும் தண்ணியும் இறைக்கிறதா. இதை அவன்கிட்டச் சொன்னேனா, மனசுக்குள்ளதான் சொல்லிக்கிட்டேனா. ஊசியில ஒண்ணு ஒட்டியிருக்கு. எப்ப எடுத்தேன் இதை.

மறுபடி அதிருது, இந்தத் தடவை எடுத்துட்டேன். பின்னால இன்னொரு அச்சு மிஷின் ஓடுற சத்தம், வேற யாரோட காலண்டரோ ஓடுது. அண்ணன் வழக்கமா என்னைத் திட்டுவான், இன்னைக்குத் திட்டலை. திருன்னு போட்டா மண்டபத்துல வர்றவன் பூராவும் தாத்தா எங்கன்னு கேப்பான், தெய்வத்திருன்னு போட்டா அம்மா கழுத்துல தாலியோட, நெத்தியில பொட்டோட எப்படி வந்து நிக்கும், அதுக்கு முன்னாடி எல்லாத்தையும் செஞ்சு முடிக்கணும்ல, அம்மா கழுத்துல யாரு கை வைக்கிறது, நான் வைக்க மாட்டேன்னு அடுக்கிக்கிட்டே போறான். பேரையே எடுத்துரலாம்னு அவனே நேத்து அம்மாகிட்ட ஒரு யோசனை சொல்லியிருக்கான், தாத்தா பேர் இல்லாம என் பேத்திக்குப் பத்திரிகையான்னு அம்மா அதோட பேச்சை முடிச்சிருச்சு. அம்மா அந்த வீட்டுல தனியாத்தான் கிடக்கு. சிவகாசிக்கு வந்துரும்மான்னு அண்ணன் கூப்பிட்டுப் பாத்தான், சென்னைக்கு வான்னு நானும் கூப்பிட்டேன், திரும்பி வந்தா மனுசன் பூட்டின வீட்டைப் பாத்துட்டு எங்க போவாருன்னு சொல்லிருச்சு. அது போன வருஷம். இந்த வருஷம் என்ன சொல்லுச்சு? யோசிச்சுப் பாத்தா இந்த வருஷம் நாங்க கூப்பிடவே இல்லை. அண்ணன் பேச்சை நிறுத்திட்டு, மெதுவா, "சங்கரி, நீ எதைச் சொல்றியோ அதைப் போட்டுறேன்" அப்படின்னான். அவனுக்குப் பயம். எனக்குத் தெரியாதா, சின்னப் பிள்ளையில இருட்டுக்கு என்னை முன்னால போகவிட்டுப் பின்னால வர்றவன். கொஞ்ச நேரம் பொறுன்னு சொல்லி வச்சுட்டேன். எதுக்குப் பொறுக்கச் சொன்னேன், பொறுத்தா எனக்கு என்ன தெரிஞ்சுரப் போகுது.

பேசாம நடுவுல ஒரு நாளைச் சொல்லிரலாமா. போன வருஷ ஆனிக்கும் இந்தக் கார்த்திகைக்கும் நடுவுல, யாருக்கும் மனக்கஷ்டம் இல்லாம, மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒத்துப்போற மாதிரி ஒரு அமாவாசை. திரையில அந்தப் பாதி வழியில நிக்கிற துகள்களைச் சராசரி எடுத்தா அழகா ஒரு எண்ணு வரும், அதைத்தான் முதல்ல போட்டு வச்சிருந்தேன், ஜெயசீலன் சார் ஒரே கோடா அடிச்சுட்டாரு. கொஞ்சம் ஈயத்தை விட்டுட்டு, மிச்சத்தை வச்சுக்கிட்டு நிக்கிற துகள் சொல்ற வயசு வயசே இல்லை. அன்னைக்குப் பாறையும் உறையலை, கல்லும் விழலை, ஒண்ணுமே நடக்காத ஒரு நாளு அது. அப்பாவுக்கும் அப்படி ஒண்ணுமே நடக்காத ஒரு நாளைப் பாத்துக் கொடுத்துரலாம். வருஷா வருஷம் அந்த நாள்ல இலை போட்டு, காக்காவுக்கு வச்சு, அண்ணன் பூணூல் மாதிரி துண்டைப் போட்டுக்கிட்டு உக்காந்து, அம்மா உள்ள நின்னு பாத்துக்கிட்டு, எதுவுமே நடக்காத நாளுக்கு. கண்ணு எரியுது. மண்டை காயுது. தாலியைப் பத்தி நினைக்கக் கூடாதுன்னு நினைக்கிறப்பத்தான் அது முன்னால வந்து தொங்குது, மஞ்சக் கயிறு, அம்மா ஆடிப்பெருக்குக்கு மாத்தின கயிறு. இந்த ஆடிக்கு மாத்துச்சா? மாத்தலைன்னு நினைக்கிறேன். கயிறு கறுத்துப்போய்க் கிடந்துச்சு, கேக்கணும்னு நினைச்சேன், என்னமோ வேற பேச்சு வந்துருச்சு. சரி, வேலையைப் பாரு. ஊசியைப் பாரு.

ஊசி எங்க போகுதுன்னு பாத்தேன். நிசமாவே பாத்தேன், யாரோ வேற ஒருத்தி கையைப் பாக்குற மாதிரி. தட்டுல எத்தனையோ கிடக்குது, ஊசி நேராப் போய்ப் பளபளன்னு, வெட்டின விளிம்போட, தண்ணி மாதிரி இருக்கிற ஒண்ணைத்தான் தொடுது. பக்கத்துல பழுப்பா, கலங்கலா, வெல்லக்கட்டி உதிர்ந்த மாதிரி ஒண்ணு கிடக்கு, அதை ஊசி ஒதுக்குது. நான் ஒதுக்கலை, ஊசி ஒதுக்குது. அடுத்ததும் அப்படித்தான். பத்து வருஷமா கிரானைட்டுக்கு வயசு பாத்த கை இது. தெளிவா இருக்கிறதை எடு, கலங்கினதைத் தொடாதே, கலங்கினது ஈயத்தைக் கசிய விட்டுட்ட கல்லு, பொய் சொல்லும். இதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது, இதையேதான் நானும் வர்ற பிள்ளைங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கேன். கிரானைட்டுக்கு அது சரி. விண்கல்லு விழுந்த பாறையில எது கலங்கியிருக்கோ அதுதான் அடி வாங்கினது. நொறுங்கி, உருகி, உள்ளுக்குள்ளேயே மறுபடி பொடிப் பொடியா உறைஞ்சதுதான் கலங்கலாத் தெரியும். பளிச்சுன்னு இருக்குன்னா அதுக்கு ஒண்ணும் படலைன்னு அர்த்தம், ஓரமா இருந்து தப்பிச்சுருச்சு, அதுகிட்டப் போய் அடி எப்ப விழுந்துச்சுன்னு கேட்டா அது என்னத்தச் சொல்லும். இது எனக்குத் தெரியாதா. போன வருஷம் படம் போட்டு வகுப்பே எடுத்தேன், கை தட்டினாங்க. வகுப்பு எடுத்தது வாய், பொறுக்கினது கை. போன மாசம் பூராவும் அழகானதாப் பாத்துப் பாத்துப் பொறுக்கி, அடிபட்டதையெல்லாம் பக்கத்துத் தட்டுல தள்ளி, மேல மூடியும் போட்டு வச்சிருக்கேன், கிறுக்கச்சி. சிரிப்பு வருது. அழுகையும் வருது, ரெண்டும் வரக் கூடாது, மூச்சு பட்டா போச்சு.

மூடியைத் திறந்தேன். அழுக்கு மாதிரி கிடக்குது, ஒண்ணுக்கும் ஒழுங்கா உருவமே இல்லை. ஒண்ணைத் தொட்டா உதிர்ந்துருமோன்னு பயந்தேன், உதிரலை, ஊசியில ஒட்டிக்கிட்டு வந்துச்சு. டேப்புல வச்சேன். அடுத்தது. அப்பா விஷயத்துல நான் எதையெல்லாம் ஒதுக்கி வச்சிருக்கேன். வாசப்படியும் வெயிலும் மட்டும்தானே துடைச்சுத் துடைச்சு வச்சிருக்கேன், மத்ததெல்லாம் எங்க. யாருக்கும் சொல்லிக் காட்ட முடியாததெல்லாம் எங்க. ஒரு தடவை அப்பா என்னைப் பாத்து நீங்க யாரு வீட்டுப் பொண்ணும்மான்னு கேட்டது, நான் எரிச்சல்ல உங்க வீட்டுதான்னு கத்தினது, அது ஒண்ணு. அடுத்தது, அப்பாவோட வெள்ளைச் சட்டை. பொத்தான் அறுந்துருச்சு, வெள்ளை நூல் தீந்துபோச்சு, அம்மா கறுப்பு நூல்ல தைச்சுக் கொடுத்துச்சு, அசிங்கமா இருக்கும்மான்னு நான் போன்லேயே சிரிச்சேன், எதுக்கு அந்தப் பேச்சு வந்துச்சு, எப்ப வந்துச்சு, ஞாபகம் இல்லை. அடுத்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போனது. அதுல என்ன இருக்கு, ஒண்ணுமில்லை, பஸ் தகராறு. வழியில டயர் வெடிச்சு, இருட்டோட இருட்டா இறங்கி, மூட்டையைத் தூக்கிக்கிட்டு நடந்து, பனி, அவசரமா ஒண்ணுக்கு வேற வருது, வீட்டு வாசல்ல நிக்கிறேன், கதவைத் தள்ளுறேன். திறக்கலை. தட்டுறேன். கை வலிக்கத் தட்டுறேன். உள்ள தாழ்ப்பாளை இழுக்குற சத்தம், மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, துருப்பிடிச்சது கிறீச்சுங்குது, அம்மா கதவைத் திறக்குது, நான் பஸ்காரனைத் திட்டிக்கிட்டே பாத்ரூமுக்கு ஓடுறேன். அம்புட்டுதான்.

அம்புட்டுதானா. ஊசியைக் கீழ வச்சேன். அந்தக் கதவு ஏன் தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. அப்பா போன அன்னையிலேருந்து அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, சும்மா சாத்தித்தான் வச்சிருக்கும், ஊருக்கே தெரியும். ராத்திரி அவரு வந்தா தட்டத் தெரியாது, கூப்பிடவும் தெரியாது, தள்ளினா திறந்துக்கணும்னு அம்மா அப்படியே விட்டு வச்சிருந்துச்சு. போன வருஷத் தீபாவளிக்கு நான் இதே மாதிரி விடியக்காலம் போய் இறங்கினேன், லேசாத் தள்ளினேன், திறந்துக்கிச்சு, அம்மா கூடத்துலேயே பாயைப் போட்டுப் படுத்திருந்துச்சு, ஏம்மா, திருடன் வந்தா என்ன பண்ணுவேன்னு சத்தம் போட்டேன், வந்தா என்னத்த எடுத்துட்டுப் போவான்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துருச்சு. அது தீபாவளி. அடுத்தது பொங்கல். தீபாவளிக்குத் தாழ்ப்பாள் இல்லை, பொங்கலுக்கு இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல. இதுக்குப் பிறகு, அதுக்கு முன்னாடி. நாங்க பாறைக்கு இப்படித்தான் கட்டம் கட்டுவோம். இது சராசரி எடுத்த நடு இல்லை, இதுக்குள்ள என்னமோ நடந்திருக்கு. திருடன் பயமா இருக்கும். பக்கத்து வீட்டுல சொல்லியிருப்பாங்க. பனிக்காத்து வந்திருக்கும். என்னென்னமோ சொல்லிப் பாக்குறேன், எதுவும் நிக்கலை. இந்தத் தீபாவளிக்கு நான் ஊருக்குப் போகவே இல்லை, இங்க அளக்குற மிஷின் ஓடிக்கிட்டிருந்துச்சு. போனை நிமித்தினேன். அண்ணன் பேரு வரிசையா நிக்குது. அதைத் தாண்டி அம்மா நம்பரை அமுக்கினேன்.

சாப்பிட்டியான்னுதான் கேட்டுச்சு எடுத்ததும். என் குரல் எனக்கே புதுசா இருந்துச்சு.

"அம்மா, நீ எப்பலேருந்து வாசக்கதவுக்குத் தாழ்ப்பாள் போடுறே?"

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கிட்டிருந்துச்சு, அதை அம்மா அணைச்சது கேட்டுச்சு.

"போன வருஷம் கார்த்திகைத் தீபம் கழிஞ்ச மறுநாள். பௌர்ணமிக்கு அடுத்த பிரதமை."

எங்கேயும் பாத்துச் சொல்லலை, யோசிச்சும் சொல்லலை, நாக்கு நுனியில வச்சிருந்த மாதிரி சொல்லுச்சு. அப்புறம் நான் கேக்காமலேயே மெதுவாச் சொல்லிக்கிட்டு வந்துச்சு. அன்னைக்கு மழை. வெளியூர் ஸ்டேஷன்லேருந்து ரெண்டு போலீஸ்காரங்க வந்தாங்களாம், சின்னப் பையங்க, செருப்பை வெளியவே கழட்டிட்டு நின்னாங்களாம். ஒரு கண்மாய்க் கரையில ராத்திரி யாரோ ஒரு பெரியவர் படுத்தவரு எந்திரிக்கலை, நீங்க எழுதிக் கொடுத்த அடையாளம் கொஞ்சம் ஒத்துப்போகுது, பாக்குறீங்களாம்மான்னு கேட்டு போன்ல படத்தைக் காட்டினாங்களாம். தாடியும் முடியுமா யாரோ மாதிரிதான் இருந்துச்சாம். எனக்கே யாரோ மாதிரிதான் இருந்துச்சுட்டின்னு சொல்லுச்சு அம்மா. அதனால இல்லைன்னு சொல்லிருச்சு. நல்லாப் பாருங்கம்மான்னு அந்தப் பையன் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேட்டிருக்கான், இல்லைப்பா, இவரு இல்லைன்னே சொல்லியனுப்பிருச்சு. நான் மைக்ராஸ்கோப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். எப்ப எந்திரிச்சேன்னு தெரியலை.

"சட்டையில மூணாவது பொத்தான் கறுப்பு நூலு" அப்படின்னுச்சு அம்மா.

அம்மா அழலை. அழுதிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும். ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா அன்னைக்கே எல்லாம் முடிஞ்சிருமே, அதான் சொல்லலைன்னுச்சு. யாரோ எடுத்துப்போட்டு யாரோ கொள்ளி வச்சிருப்பாங்க, அம்பது வருஷம் கூட இருந்த மனுசனை அநாதைன்னு எழுத விட்டேன்னுச்சு. சாயந்தரம் எப்பவும் போல விளக்கு வச்சுதாம், வாசல்ல ரெண்டு அகலு, மழைக்கு அணைஞ்சு அணைஞ்சு ஏத்துச்சாம்.

"ராத்திரி படுக்கப் போறப்ப இந்தக் கை தன்னாலப் போயித் தாழ்ப்பாளைப் போட்டுருச்சுட்டி. வாய் இல்லைன்னு சொல்லிருச்சு, கை போட்டுருச்சு. போட்ட பெறகுதான் எனக்கே தெரிஞ்சுது."

ஏம்மா என்கிட்டச் சொல்லலைன்னு கேட்டேன், சின்னப் பிள்ளை மாதிரி கேட்டேன். நீ கேப்பேன்னு இருந்தேன்னு சொல்லுச்சு. பொங்கலுக்கு வந்து கதவைத் தட்டினியே, இத்தனை நாள் திறந்து கிடந்த கதவு இன்னைக்கு ஏன் பூட்டிக் கிடக்குன்னு அன்னைக்கே கேப்பேன்னு காபியைப் போட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், நீ பஸ்காரனைத் திட்டிக்கிட்டே குடிச்சிட்டுப் போயிட்டே. அதுலயும் கோவம் இல்லை, இருந்ததை இருந்த மாதிரி சொல்லுச்சு. மைக்ராஸ்கோப்பு வெளிச்சம் எரிஞ்சுக்கிட்டே இருக்கு, ஒட்டு டேப்புல பளிச்சுன்னு ஒரு வரிசை, கடைசியில கலங்கலா ரெண்டே ரெண்டு. இப்ப என்ன சொல்லணும், எதை முதல்ல சொல்லணும், தாலியைப் பத்திச் சொல்லவா, அண்ணனைப் பத்திச் சொல்லவா, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து கிடக்குது. நாளன்னைக்குத் தீபம். அதுக்கு மறுநாள் பிரதமை.

"நான் வர்றேம்மா" அப்படின்னேன்.

"வா. காளிராஜுக்கு நீயே சொல்லிரு, தெய்வத்திருன்னே போடட்டும். என் வாயால அவன்கிட்ட வராது." அடுத்ததா பஸ்ஸைத்தான் கேட்டுச்சு. "விடியக்காலம் வர்ற பஸ்ஸா?"

"ஆமாம்மா."

"தாழ்ப்பாள் போட்டிருப்பேன். கொஞ்சம் பலமாத் தட்டு."